தீப மாத்திரை

தினேஷ்,

உன் அக்கா அம்சாவுக்கு வந்தது மூளைக்காய்ச்சல் இல்லை. பதினோரு வருஷமாக உன்னிடம் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம். அது பொய். அந்த வருஷம் தீபத்தன்று வீட்டுக்குத் தூரமாகிவிடக் கூடாது என்று அவளுக்கு மாத்திரை கொடுத்தோம். கொடுத்தது நான். அவளுக்கு ஒற்றைத் தலைவலி இருப்பது தெரிந்தும் கொடுத்தேன். மூளையில் ரத்தம் உறைந்து அவள் விழுந்தபோது, சாமி வந்திருக்கிறது என்று சொல்லி மூன்று மணி நேரம் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டபோது எந்த மாத்திரையும் கொடுக்கவில்லை என்று சொன்னேன். அவளுடைய வலது கை இன்றைக்கும் அவள் சொல்வதில் பாதியைத்தான் கேட்கிறது. இதையெல்லாம் முதலிலேயே எழுதிவிட்டேன். சுற்றி வளைத்து எழுதினால், அம்மா ஏதோ புலம்புகிறாள் என்று நீ பாதியில் மடித்து வைத்துவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

இத்தனை வருஷம் கழித்து ஏன் இப்போது என்று கேட்பாய். செவ்வாய்க்கிழமை காலையில் நீ ஓசூரிலிருந்து அனுப்பிய வாட்ஸ்அப் செய்திதான் காரணம். "அம்மா, ஜீவிதாவுக்கு டேட் கரெக்டா தீபத்தன்னிக்கு வருது. சரோஜா அத்தை தீப மாத்திரை ஒரு அட்டை வாங்கிடச் சொன்னாங்க. இங்க கடைக்காரன் டாக்டர் சீட்டு கேக்கறான், ரொம்ப பிகு பண்றான். நீயே அங்க வாங்கி வெச்சுடு." கூடவே கை கூப்பிய பொம்மை ஒன்று. அதைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்தேன். உன் மனைவிக்கு எந்தத் தேதி என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய உன் அப்பாவுக்கு ஒரு மாதம்கூட அது தெரிந்ததில்லை. அந்த மட்டில் நீ அவரைவிட மேல் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். தெரிந்துகொண்டதை வைத்து என்ன செய்தாய் என்று யோசித்தபோது அந்தச் சந்தோஷம் போய்விட்டது. முகம் தெரியாத அந்த ஓசூர் கடைக்காரன் கேட்ட கேள்வியை நீயும் கேட்கவில்லை, நானும் அன்றைக்குக் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உன் கல்யாண வரவேற்பில் மேடைக்குப் பின்னால் ஜீவிதா ஒரு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள், நினைவிருக்கிறதா? போட்டோக்காரர் அவசரப்படுத்தினார். நீ தண்ணீர் கொண்டுவரப் போனாய். நான் பக்கத்தில் போய் என்னம்மா என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லத்த. ஒரு பக்கம் மட்டும் தலை தெறிக்குது. அதுக்கு முன்னாடி கண்ணுல கோடு கோடா மின்னிட்டு ஓடும். காலேஜ்லேர்ந்தே இருக்குது. தூங்குனா சரியாப் பூடும்," என்றாள். அம்சாவும் பத்தாம் வகுப்பிலிருந்து இதே வார்த்தையைத்தான் சொல்வாள். கண்ணுல மின்னுதும்மா. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். கல்யாண வீட்டில் எதற்கு என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் அப்படி விட்டுத்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

நம் வீட்டு அன்னதானம் எப்படி ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை போட்டிருந்த நிலம் ஒரு வருஷம் மழையில் தப்பியது. உன் தாத்தா அண்ணாமலையாருக்கு நேர்ந்துகொண்டார். அன்றிலிருந்து ஒரு வருஷம்கூட விட்டதில்லை. தீபத்துக்கு மூன்று நாள் முன்பே கிரிவலப் பாதையில் பந்தல், புளிசாதம், சாம்பார் சாதம், தீபத்தன்று சர்க்கரைப் பொங்கல். உன் அப்பா வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்து அனுமதி வாங்கி வருவார், அந்தச் சீட்டைப் பந்தல் காலில் கட்டுவார், ஊரே அவரைக் கும்பிடும். அது வெளியே நடப்பது. உள்ளே நடப்பது உனக்குத் தெரியாது. சமையல்காரர் வைக்கக் கூடாது, வீட்டுப் பெண்கள் கையால்தான் ஆக வேண்டும் என்பது நேர்த்திக்கடனில் ஒரு சொல். ஏழு பெண்கள். ஒருத்தி தூரமானாலும் ஆறு பேர் ஏழு பேர் வேலையைச் செய்ய வேண்டும். அதற்காகச் சமையலறைக் கதவின் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். புரட்டாசி பிறந்ததும் உன் அப்பாவின் அக்கா, சரோஜா அண்ணி, பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்பார். கடைசியாக எந்தத் தேதி, எத்தனை நாள் தள்ளும், முன்னால் வருமா பின்னால் வருமா. பெயரின் முதல் எழுத்தைக் கட்டத்தில் போடுவார். அதே கட்டத்தில் பால் பாக்கெட் கணக்கும் இருக்கும். தீபத்துக்குப் பக்கத்தில் யார் எழுத்து விழுகிறதோ அவளுக்கு மாத்திரை. அன்னதானச் சாமான் பட்டியலில் புளி, வெல்லம், முந்திரி, நெய் என்று வரும் வரிசையில், கடைசியில், "தீ.மா. – 3 அட்டை."

நம் தெருமுனை மருந்துக்கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். கார்த்திகை நெருங்கினால் கடைக்காரர் பெரிய டப்பாவாக இறக்கி வைத்திருப்பார். "தீப மாத்திரைதானே? எத்தினி பேருக்கு?" அவ்வளவுதான் கேள்வி. என்ன வயசு, கைக்குழந்தை இருக்கிறதா, முழுகாமல் இருக்கிறாளா, தலைவலி உண்டா, காலில் வீக்கம் உண்டா, எதுவும் கிடையாது. செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு கறுப்புக் கவர் போட்டுக் கொடுப்பார். அவரைக் குறை சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஏன் எழுத வேண்டும்? குறைதான் சொல்கிறேன். இருமல் மருந்துக்கு நாலு கேள்வி கேட்கிற மனுஷன் இதற்கு மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். அந்த வெட்கம்தான் எங்களை வைத்துச் செய்தது.

நானும் அதைப் பத்துப் பதினைந்து தீபம் சாப்பிட்டேன். நீ பிறந்த பிறகு எனக்கு ரத்தப்போக்கு ஜாஸ்தி. ஏழு நாள், எட்டு நாள், சில மாதம் பத்து நாள். படி ஏறினால் மூச்சு வாங்கும், கண்ணிமையின் உள்பக்கம் வெளுத்துக் கிடக்கும். வருஷக் கணக்கில் எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. அண்ணியிடம் சொன்னேன். "பொம்பளன்னா அப்பிடித்தான் இருக்கும். எனக்கு இல்லியா? நா சொன்னனா?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் இருந்தது, அவரும் சொல்லவில்லை. அதைப் பெருமையாக நினைத்தார். நானும் நினைத்தேன். தாங்கிக்கொள்கிறவள்தான் நல்லவள் என்று ஒரு கணக்கு எங்களுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். வருஷத்தில் அந்தத் தீப வாரம் மட்டும் மாத்திரையால் ரத்தம் நிற்கும்போது, ஏதோ சாமியே கொடுத்த விடுமுறை போல இருக்கும். அதனால் அந்த மாத்திரை மேல் எனக்கு ஒரு நன்றிகூட இருந்தது. அம்சாவுக்குக் கொடுக்கும்போது கை நடுங்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த வருஷம் அம்சாவுக்கு இருபத்துநாலு வயசு. மகள் பிறந்து எட்டு மாதம். நீ பதினொன்றாம் வகுப்பு, விடுதியில் இருந்தாய், பரீட்சை என்று தீபத்துக்கு வரவில்லை. அம்சாவுக்குக் குழந்தை பிறந்த பிறகு தேதி இன்னும் ஒழுங்குக்கு வரவில்லை. எப்போது வரும் என்று அவளுக்கே தெரியாது. அண்ணி பென்சிலைக் கடித்துக்கொண்டே யோசித்தார். "கணக்கே பிடிபடலயே இவளுக்கு. கொடியேத்தத்துக்கு அஞ்சு நாள் முன்னாடியே ஆரம்பிச்சுடலாம், வம்பே இல்ல," என்றார். மூன்று நாள் மாத்திரை அப்படித்தான் பதினைந்து நாள் மாத்திரை ஆனது. நான் தட்டிக் கேட்கவில்லை. அம்சாதான் கேட்டாள்: "ஏங்கத்த, அண்ணாமலையாருக்கு எம்மேல அவ்ளோ பயமா?" எல்லோரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மாத்திரையையும் தண்ணீரையும் நான் நீட்டினேன்.

பந்தல் போட்ட அன்றே அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது. வழக்கமாக ஒரு நாளில் போய்விடும். இந்தத் தடவை போகவில்லை. இரண்டாம் நாள் வாந்தி எடுத்தாள். "அம்மா, இது வேற மாதிரி இருக்குதும்மா. குனிஞ்சா தலைக்குள்ள யாரோ இடிக்கறாங்க," என்றாள். சாப்பிடாமல் வேலை செய்தால் அப்படித்தான் என்று தைலத்தைத் தேய்த்துவிட்டேன். தண்ணீர் குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும், பந்தலில் இடம் இல்லை என்று அவள் தண்ணீரும் குடிக்கவில்லை. எந்தப் பெண்ணும் குடிக்கவில்லை. ஊருக்கெல்லாம் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தோம்.

தீபத்தன்று சாயந்திரம் ஆறு மணி. பாதை முழுக்கத் தலைகள், எல்லோரும் மலை உச்சியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அம்சா பொங்கல் அண்டாவுக்குப் பக்கத்தில் கரண்டியோடு நிற்கிறாள். மேலே தீபம் தெரிந்ததும் அரோகரா என்று ஊரே எழுந்தது. அந்தச் சத்தத்தில் கரண்டி விழுந்தது எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் வலது கை வெட்டி வெட்டி இழுக்கிறது. வாய் ஒரு பக்கம் கோணி, ஏதோ சொல்லப் பார்க்கிறாள், வார்த்தை வரவில்லை, ஒரு உறுமல் மட்டும் வருகிறது. அப்படியே சாய்ந்தாள். நாலு பேர் பிடித்தோம். "சாமி வந்துடுச்சு! தீபம் ஏத்துன நேரத்துல அம்மன் பந்தல்ல இறங்கிட்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் கூடிவிட்டது. அண்ணி கற்பூரம் ஏற்றி, திருநீறு பூசி, கை கூப்பி, "யாரு வந்திருக்கீங்க? இன்னா குறை? சொல்லுங்க தாயே," என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் மகள் என்னைத்தான் பார்த்தாள். கண் மட்டும்தான் அவள் சொன்னதைக் கேட்டது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே நானும் கும்பிட்டேன், தினேஷ். முன்பின் தெரியாத பெண்கள் அவள் காலைத் தொட்டுக் குழந்தை வரம் கேட்டார்கள். நான் தடுக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதிப் பயனில்லை.

மறுபடியும் வெட்டு வந்து, வாயில் ரத்தம் வந்த பிறகுதான் பயந்தோம். அந்தக் கூட்டத்தில் எந்த வண்டியும் நகரவில்லை. மாப்பிள்ளையும் உன் அப்பாவும் பந்தல் பெஞ்சில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு இளவயசு டாக்டரம்மா. முன்னால் வலிப்பு வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன், அது உண்மை. "ஏதாவது மாத்திரை சாப்பிட்டாங்களா? பீரியட்ஸ் தள்ளிப்போக, கர்ப்பத்தடைக்கு, எதுக்காவது?" என்று கேட்டார். பக்கத்தில் உன் அப்பா, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தம்பி. அண்ணி என் முழங்கையைக் கிள்ளினார். இல்லை என்றேன். டாக்டரம்மா நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். இல்லை என்றேன். ஊசி போட்டுவிட்டு வெளியே வந்து மூன்றாவது தடவை, என்னை மட்டும் ஓரமாக அழைத்து, "அம்மா, சொல்றதுல தப்பே இல்ல. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்றார். அப்போது ஆண்கள் யாரும் அருகில் இல்லை. ஆனாலும் இல்லை என்றேன். இரண்டு தடவை சொன்ன பொய்யை மூன்றாவது தடவை மாற்றினால் என்னை என்ன நினைப்பார் என்று அந்த நேரத்தில் யோசித்தேன். மகள் உயிருக்குப் போராடுகிறாள், தாய் தன் மானத்தை யோசிக்கிறாள்.

வலிப்பு என்றே வைத்து மருந்து கொடுத்தார்கள். விடிந்து, அவளுடைய குழந்தை பாலுக்கு அழுத சத்தம் கேட்டபோது என்னால் அதற்கு மேல் முடியவில்லை. நேராகப் போய்ச் சொன்னேன். அந்த டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. எழுந்து நின்றார், அவ்வளவுதான். "நேத்தே சொல்லியிருந்தா நேத்தே அந்த ஸ்கேன எடுத்திருப்போம்மா," என்றார். பிறகு, ஸ்கேன் வந்தபின், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். "இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். குழந்தை பொறந்து வருஷம் ஆகல, தண்ணி குடிக்கல, தூக்கம் இல்ல, எல்லாம் சேர்ந்துடுச்சு. ஆனா கண்ணுல மின்னல் வந்து ஒத்தத் தலைவலி வர்ற பொண்ணுக்கு இதைக் கேக்காம கொள்ளாம குடுத்திருக்கவே கூடாது. அதுவும் பதினஞ்சு நாள்." தலைக்குள் ரத்தம் திரும்பிப் போகிற குழாயில் அடைப்பு என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

உன்னிடம் மூளைக்காய்ச்சல் என்று சொல்லச் சொன்னது நான்தான். பொம்பளை சமாச்சாரம், பையனுக்கு எதற்கு என்று நினைத்தேன். மாப்பிள்ளைக்கும் உன் அப்பாவுக்கும் டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த புரட்டாசியில் காலண்டர் மாறியது, பென்சில் மாறவில்லை. நான் வாங்கித் தர மாட்டேன் என்றேன். "உனக்கு வேணாம்னா வுடு, நா வாங்கிக்கறேன். விதி வந்தா கொட்டாங்கச்சி தண்ணியிலயும் சாவு வரும்," என்று அண்ணியே போய் வாங்கி வந்தார். அவருடைய இரண்டு மருமகள்களும் வருஷா வருஷம் சாப்பிடுகிறார்கள். நான் சமையலறையில் மட்டும் சண்டை போட்டேன், ஆண்கள் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். இப்போது அண்ணிக்கு முட்டிவலி, கடைக்கு நடக்க முடியாது. அதனால் உன்னிடம் சொல்லியிருக்கிறார். பதினோரு வருஷம் உனக்குத் தெரியாமல் காத்தேன் பார், அதன் பலன் என் கைபேசிக்கே வந்து சேர்ந்தது.

நான் எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை, உனக்குத் தெரியும். இங்கிலீஷ் எழுத்து எனக்கு எப்படி வந்தது என்று நீ கேட்டதே இல்லை. அம்சாவுக்குப் பேச்சு திரும்ப வருவதற்குப் படம் போட்ட அட்டைகள் கொடுத்தார்கள். ஒரு பக்கம் படம், கீழே தமிழிலும் இங்கிலீஷிலும் பெயர். அவள் "க... கப்" என்று திணறும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன். அவள் தனக்கிருந்த மொழியைத் தேடி எடுத்தாள், நான் இல்லாத மொழியைத் திருடினேன். ஒரு வருஷத்தில் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். இரண்டு வருஷத்தில் டப்பாவுக்குள் பொடி எழுத்தில் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்தேன், பூதக்கண்ணாடி வைத்து. தெரியாத வார்த்தையை நோட்டில் எழுதிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் கேட்பேன். மருந்துக்கடைக்காரர், "இன்னாம்மா, இந்த வயசுல டாக்டருக்குப் படிக்கறீங்களா?" என்று கிண்டல் செய்தார். "நீங்க படிக்கலியே, அதான் நா படிக்கறேன்," என்றேன். யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று அந்தத் தாளில் ஒரு பத்தியே இருக்கிறது. ரத்தம் உறைந்த பழக்கம், தலைவலியோடு கண் மின்னுவது, கர்ப்பம். எல்லாம் அச்சில். எங்கள் கண்ணுக்கு முன்னால், மடித்தபடியே, வருஷா வருஷம் குப்பைக்குப் போனது.

அந்த மாத்திரை விஷம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தவறையும் செய்யாதே. வருஷக் கணக்கில் நான் மறைத்த ரத்தப்போக்குக்குக் கடைசியில், அம்சா விழுந்த பிறகு, அதே டாக்டரம்மாவிடம் போனபோது, என் உடம்பைச் சோதித்து, ரத்தம் எடுத்துப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, எனக்கு அதே வகை மாத்திரையைத்தான் சில மாதம் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. சீட்டு இருந்தது, கேள்வி இருந்தது, திரும்ப வந்து காட்டச் சொன்ன தேதி இருந்தது. நம் வீட்டில் இருந்தது பென்சில் மட்டும். பொட்டுக்கடலையைப் பங்கு வைப்பது மாதிரி ஏழு உடம்புக்கும் ஒரே கை மாத்திரை. ஒரு பெண்ணின் மாதக் கணக்கு அவளுடைய உடம்பைப் பற்றிய செய்தி. தள்ளிப்போனாலும், நிற்காமல் போனாலும், வெள்ளை பட்டாலும், அரித்தாலும், கூடும்போது வலித்தாலும், அது அவளிடம் எதையோ சொல்கிறது. அதைக் கேட்க வேண்டியது அவளும் மருத்துவரும், அவள் விரும்பினால் புருஷனும். நாங்கள் அதைப் பால் கணக்கோடு சேர்த்துச் சமையலறைக் கதவில் மாட்டினோம்.

இதுவரை எழுதியதை முதலில் அம்சாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் வாழ்க்கை, அவள் சம்மதம் வேண்டும். வேங்கிக்காலில் அவளுடைய ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து மெதுவாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, அவள் பேசுகிற அந்த நிறுத்தி நிறுத்திப் பேசும் பேச்சில், "கற்பூரத்த... விட்டுட்டியோன்னு நெனச்சேன். எழுதிட்ட," என்றாள். "எம்பேர மாத்தாத. அம்பது காப்பி போடறேன். ரெண்டு பக்கமும் அடிச்சா... பேப்பர் மிச்சம்." இடது கையால் தாளை அடுக்கிக்கொண்டே சிரித்தாள். அவள் மகளுக்கு இப்போது பன்னிரண்டு நடந்துகொண்டிருக்கிறது. போன மாதம் அண்ணி என்னிடம், "பொண்ணுக்கு இன்னும் ஆவலியா? ஆனதும் சொல்லு," என்று கேட்டார். பென்சில் எதற்காகக் காத்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அதனால்தான் இது உனக்கு மட்டும் போகும் கடிதம் இல்லை. பாதையில் பந்தல் போடும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி போகும். ஊர் சிரிக்கட்டும்.

இனி யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவிடுகிறேன். இதில் பேரம் கிடையாது.

நீ: இந்தக் கடிதத்தை ஜீவிதாவிடம் முழுசாகப் படித்துக் காட்ட வேண்டும், கற்பூரம் காட்டிய இடத்தையும் சேர்த்து. இந்த வாரமே அவளோடு மருத்துவரிடம் போக வேண்டும். மாத்திரைக்காக இல்லை, அந்தத் தலைவலிக்காக. கண் மின்னுவதை அவளே சொல்லட்டும். நீ பக்கத்தில் உட்காரலாமா, வெளியே இருக்க வேண்டுமா என்பதையும் அவளே சொல்லட்டும். ஓசூர் கடைக்காரனுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வா.

உன் அப்பா: பந்தலுக்கு இந்த வருஷம் மூன்று சமையல்காரர்களை வைக்க வேண்டும். நேர்த்திக்கடன் கெடும் என்று பயந்தால் புளியை அவரே கரைக்கட்டும். நேர்ந்துகொண்டது அவருடைய அப்பாதான், நாங்கள் இல்லை. பந்தலுக்குப் பின்னால் பெண்களுக்கு ஒரு கழிப்பறை. அது முடிந்த பிறகுதான் சாம்பார் அண்டா இறங்கும்.

சரோஜா அண்ணி: காலண்டரில் தேதி மட்டும்தான் இருக்க வேண்டும். அவருக்கு நாற்பது வருஷமாக இருக்கும் வலியை அவரும் போய்க் காட்ட வேண்டும். நான் கூட்டிக்கொண்டு போகிறேன். கிள்ளினாலும் கூட்டிக்கொண்டு போவேன்.

மருந்துக்கடைக்காரர்: சீட்டு கேட்க வேண்டும். கேள்வி கேட்க வேண்டும். கறுப்புக் கவரை எடுத்துவிட வேண்டும்.

மருத்துவர்கள்: ஆண்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். என்னைப் போன்றவளிடம் நாலாவது தடவையும் கேட்க வேண்டும்.

ஜீவிதா: அவள் செய்ய வேண்டியது என்று எதுவும் இல்லை. தீபத்தன்று வந்தால் வரட்டும். தூரமாக இருந்தாலும் கரண்டியைப் பிடிக்கத் தோன்றினால் அம்சாவுக்குப் பக்கத்தில் நின்று பிடிக்கட்டும், இடது கைக்கு ஒரு வலது கை உதவியாக இருக்கும். வலித்தால் படுத்துக்கொள்ளட்டும். அறையில் மின்விசிறி இருக்கிறது, தண்ணீர் நான் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

நான்: அம்சாவின் மகளுக்கு அவள் ஆளாவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பந்தலுக்கு வரும் எந்தப் பெண்ணாவது, எந்த மருத்துவராவது, நீயாவது, உங்கள் வீட்டில் மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டால், யார் பக்கத்தில் நின்றாலும், முதல் தடவை கேட்கும்போதே ஆமாம் என்று சொல்ல வேண்டும்.

அம்மா